மறைத்து வைத்த மூக்குக்கண்ணாடி



கொங்கு நாட்டுத் தாய்மார் தம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. "கண்ணு" என்றே அழைப்பர். ஐந்து வயதுச் சிறுவனும் கண்ணு. பேரன் எடுத்துவிட்ட மகனும் தாய்க்குக் கண்ணுதான். திருப்பூர்ப் பக்கத்தில் பங்குப்பணி ஆற்றும் குருவானவர் எவரும் இச்சொல்லை நாளொன்றுக்கு நூறு தடவை கேட்டிருப்பார். இம்மாதம் அந்தக் கண்ணைப் பற்றியே எழுதுகிறேன். ஆன்மாவின் கண்ணைப் பற்றி அன்று. முகத்திலுள்ள கண்ணைப் பற்றி.

டிசம்பர் 13ஆம் நாள் புனித லூசியாவின் திருவிழா. சிராக்கூசா நகரில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியாக மரித்த கன்னிகை அவர். ஒரு தட்டில் இரு கண்களை ஏந்தி நிற்பதுபோல் அவரைப் படங்களில் காட்டுவர். கண்ணோயாளரின் பாதுகாவலி என்று திருச்சபை அவரைப் போற்றுகிறது. தம்மை மணக்க விரும்பிய ஒருவன் அவருடைய கண்களின் அழகைப் புகழ்ந்தானாம். அவர் அவற்றைப் பிடுங்கி அவனுக்கே அனுப்பிவிட்டாராம். இக்கதை பிற்காலத்தில் சேர்ந்தது என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள்; நானும் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. இவ்வாண்டு மட்டும் அக்கதை என் மனத்தை விட்டு அகலவில்லை. அக்கதையில் ஒரு பெண் மணத்தைத் தவிர்க்கக் கண்ணைக் கொடுத்தாள். மணம் கைகூட வேண்டும் என்பதற்காகக் கண்ணைக் கொடுத்த ஒரு பெண்ணை நான் அறிவேன்.

அவள் எங்கள் பங்கைச் சேர்ந்தவள். ஊரையும் பெயரையும் கூறமாட்டேன். மற்றவற்றை எழுதலாம் என்று அவளே கூறினாள். "எழுதுங்க சாமி, இன்னொருத்திக்காவது ஆகட்டும்" என்பது அவளுடைய சொல். ஒன்பதாம் வகுப்பு முதல் அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இன்றிப் பத்தடிக்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரியாது. படிப்பு முடிந்ததும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் மேசைமேல் துணியை விரித்து, ஓட்டையும் கறையும் ஊசிக்கோடும் தேடும் வேலை. ஏற்றுமதி நெருக்கடி என்றால் ஒன்றரை ஷிப்டு. கண்ணை நம்பியே அவளுடைய கூலி.

வரன் பார்க்கத் தொடங்கினார்கள். நான்கு இடங்கள் வந்து போயின. அவளுடைய தாய் பின்னர் என்னிடம் கூறியதை அவர் சொன்ன விதமாகவே தருகிறேன்: "நாலு எடமும் கண்ணாடியப் பாத்துட்டுத்தானுங்க சாமி திரும்பிப் போனாங்க. அஞ்சாவதையும் உட்டுப்போட முடியுங்களா?" ஐந்தாவது வரன் வரும் முன்பு மூக்குக்கண்ணாடி பீரோவுக்குள் போயிற்று. ஒரு கடையில் பழைய சீட்டிலிருந்த பவரைக் காட்டி 'காண்டாக்ட் லென்ஸ்' வாங்கினார்கள். கண்ணின் வளைவை அளந்து பார்ப்பது, எப்படி அணிவது, எப்படிக் கழற்றிக் கழுவுவது என்று அருகில் அமர்த்திப் பழக்குவது ஆகிய எதுவும் நடக்கவில்லை. பெட்டியில் இருந்த சிறு தாளே ஆசிரியர், அதுவும் ஆங்கிலத்தில்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. சிறு வயது முதல் திருப்பலியில் வாசகம் வாசிப்பவள் அவள். கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு அவள் புத்தகத்தின் முன் நிற்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். திருமண விசாரணைக்கு அவளும் மாப்பிள்ளையும் வந்து அமர்ந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை. மாப்பிள்ளை ஓலை கொண்டுவர எழுந்து சென்ற வேளையில், "என்னம்மா, கண்ணாடியைக் காணோமே?" என்றேன். "லென்ஸுங்க சாமி" என்று மெல்லச் சொன்னாள். "அதுவும் நல்லாத்தான் இருக்கிறது" என்றேன் நான். அவருக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான் ஒருவனே.

லென்ஸை நான் பழிக்கவில்லை. அது மனித அறிவின் அழகான படைப்புகளுள் ஒன்று. கண்ணில் பொருந்தும் கண்ணாடி வில்லையை 1888இல் அடோல்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர் உருவாக்கிக் காட்டினார். கண்ணாடி ஆதலின் கனமாக உறுத்தியது. சில மணி நேரத்துக்குமேல் எவராலும் தாங்க முடியவில்லை. இன்று உலகெங்கும் அணியப்படும் மென்மையான வில்லை பிறந்தது 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள்களில். செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டெர்லே என்னும் வேதியியலார், தம் வீட்டில், பிள்ளைகள் கோத்து விளையாடும் இரும்புப் பொம்மைத் துண்டுகளையும் மகனுடைய மிதிவண்டி டைனமோவையும் இணைத்து ஒரு சிறு சுழல்பொறி செய்தார். அச்சில் துளித்துளியாகத் திரவத்தை ஊற்றிச் சுழற்ற, நீரை உறிஞ்சி மெத்தென்றிருக்கும் வில்லைகள் கிடைத்தன. நம் ஊரில் பழைய உதிரிப் பாகங்களைக் கொண்டு புதுப் பொறி கட்டும் மெக்கானிக்குகள் இதைப் படித்தால் புன்னகை செய்வார்கள்.

நீரை உறிஞ்சும் இக்குணமே அதன் நன்மையும் ஆபத்தும் ஆகும். மென்வில்லைகள் பலவற்றின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீர்தான். நல்ல திரவத்தில் ஊறினால் நல்லதைக் குடிக்கும். அழுக்கு நீரில் ஊறினால் அழுக்கைக் குடிக்கும். அது அமர்ந்திருக்கும் இடமோ கருவிழி. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ளது. ஒளி தடையின்றிப் புக வேண்டுமென்று படைத்தவர் அதில் இரத்த நாளம் ஒன்றுகூட வைக்கவில்லை. ஆகவே மூச்சுக்காற்றின் உயிர்வளியை அது கண்ணீரின் வழியாக வெளியிலிருந்தே பெறுகிறது. விழித்திருக்கையில் போதுமான காற்று கிடைக்கும். இமை மூடி உறங்கும்போது குறையும். மூடிய இமைக்கும் கருவிழிக்கும் இடையே ஒரு வில்லையும் இருந்தால் இன்னும் குறைந்து, மேல்தோல் வீங்கித் தளர்ந்து, கிருமிக்கு வழி விட்டுவிடும். 1989இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வெளிவந்த ஓர் ஆய்வு, பகலில் மட்டும் அணியும் மென்வில்லைக்காரர் பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகவும், இரவிலும் கழற்றாமல் அணியும் வகையை அணிவோரில் அது ஏறத்தாழ 21 என்றும் கண்டது. முறையாகக் கழற்றி வைப்பவருக்கு அபாயம் மிகக் குறைவு என்பதையும் இதே கணக்குச் சொல்லுகிறது.

இப்போது அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டுக்கு வாருங்கள். கூட்டுக் குடும்பம். எல்லார்க்கும் ஒரே குளியலறை. லென்ஸ் சிமிழையும் திரவப் புட்டியையும் எங்கே வைப்பாள்? துணிப்பெட்டியின் அடியில் வைத்தாள். கழற்ற வேண்டுமானால் எல்லாரும் உறங்கிய பின் எழ வேண்டும். அணிய வேண்டுமானால் எல்லார்க்கும் முன் எழ வேண்டும். முதல் சில நாள்கள் அப்படியே செய்தாள். விருந்து, உறவினர், கோயில் குளம் என்று அலைந்த களைப்பில் பின்னர் லென்ஸோடே உறங்கத் தொடங்கினாள். ஒருநாள் திரவம் தீர்ந்தது. கடைக்குப் போய் வாங்கக் காரணம் சொல்ல வேண்டுமே! குளியலறை வாளித் தண்ணீரில் இருட்டில் கழுவி அணிந்தாள். இவற்றில் ஒன்றையாவது அறியாமையால் செய்தாளா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒவ்வொன்றையும் மறைக்க வேண்டி இருந்ததால் செய்தாள்.

வாளித் தண்ணீரைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பவானித் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை வரும். தொட்டியில் தேக்கி வைப்போம். போதாததற்கு ஆழ்குழாய் நீரும் லாரித் தண்ணீரும். குளிக்கவும் துவைக்கவும் அது போதும். ஆனால் தேங்கிய நீரிலும் குழாய் நீரிலும் 'அகாந்தமீபா' என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வாழ்கிறது. குடித்தால் அதனால் பெரும்பாலும் கேடில்லை. லென்ஸில் ஏறிக் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் வேதனை தரும். ஓடு போர்த்து உறங்கும் நிலையில் குளோரினையும் தாங்கும். 1980களின் நடுவில் அமெரிக்காவில் பலர் உப்பு மாத்திரையை வாலைநீரில் கரைத்துத் தாமே லென்ஸ் திரவம் தயாரித்தபோது இந்நோய் திடீரென்று பெருகியது. சுத்தமான நீர்தானே என்று அவர்களும் எண்ணினார்கள். ஆதலின் குழாய் நீர், காய்ச்சிய நீர், கேன் நீர், வீட்டு உப்புநீர் ஆகிய எதுவும் லென்ஸைத் தொடலாகாது. அவசரத்தில் நாக்கில் தொட்டு ஈரப்படுத்துவோரும் உண்டு. நம் ஆண்டவர் உமிழ்நீரால் சேறு உண்டாக்கிப் பிறவிக் குருடரின் கண்ணில் பூசினார்; அந்த அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை.

எட்டாம் நாள் காலை அவளுடைய இடக்கண் சிவந்தது. கூச்சம், நீர் வடிதல், ஊசி குத்துவது போன்ற வலி. "தூசிங்க அத்தை" என்றாள். பனியன் கம்பெனி ஊரில் பஞ்சுத் தூசி கண்ணில் விழுவது புதிதன்று, எல்லாரும் நம்பினார்கள். மாமியார் நல்லவர். அன்போடு விளக்கெண்ணெய் விட்டார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி தாய்ப்பால் பீய்ச்சினாள். மூன்றாம் நாள் மைத்துனன் மருந்துக்கடையில், "கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு ஒரு சொட்டுமருந்து வாங்கி வந்தான். அது ஸ்டீராய்டு கலந்தது என்று பிறகு தெரிந்தது. விட்டவுடன் சிவப்புத் தணிந்தது. வலியும் சற்றுக் குறைந்தது. உள்ளே பூஞ்சை அச்சமின்றி வளர்ந்தது. ஆறாம் நாள் கருவிழியில் வெண்புள்ளி தெரிந்த பிறகே கோவைக்குக் கண் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "லென்ஸ் அணிவதுண்டா?" என்பது. கணவனும் மாமியாரும் பக்கத்தில் நிற்க, அவள் அப்போதுதான் முதன்முறையாக உண்மையைச் சொன்னாள்.

தோபித்து ஆகமத்தை வீட்டில் வைத்திருப்போர் எடுத்துப் பாருங்கள். வெயிலின் கொடுமையால் முற்றத்துச் சுவரோரம் முகத்தை மூடாமல் உறங்கிய தோபித்தின் கண்களில் குருவி எச்சம் விழுகிறது. வெண்படலம் படிகிறது. அவர் மருத்துவர் பலரிடம் செல்கிறார்; அவர்கள் மருந்து பூசப் பூசப் படலம் பெருகி, முடிவில் பார்வையே போய்விடுகிறது. இப்பகுதியை இளமையில் கதையாகப் படித்தேன். இப்போது மருத்துவக் குறிப்பாகப் படிக்கிறேன். கண்ணில் விழுந்த முதல் தீங்கைக் காட்டிலும், அதன்மேல் நாம் விட்ட மருந்துகள் கேடு விளைவித்த கண்கள் நம் நாட்டில் ஏராளம்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் ஆயிரமாயிரம் கண்களை அறுவை செய்தவர் அவர். அம்மருத்துவமனையார் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் தம்மிடம் வந்த கருவிழிப் புண் நோயாளர் 434 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் மூன்றில் இருவருக்குக் கண்ணில் முன்னே ஏதோ ஒரு சிறு காயம் பட்டிருந்தது. கிருமி பிடிபட்டவர்களில் பாதிப்பேருக்கு ஏறக்குறைய அது பூஞ்சை. குளிர்நாடுகளில் பூஞ்சைப்புண் அரிது. நம் வெப்பத்திலும் புழுதியிலும் அது சாதாரணம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ 113 பேருக்கு இப்புண் வருவதாக வேறோர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்துக் கணக்கைப்போல் இது பத்து மடங்கு. அன்று வந்தவர்களில் மிகுதியோர் வயலில் உழைப்போர். லென்ஸ் அணிவோர் அரியர். இன்று திருப்பூரில் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அணிவோர் பலர். நிலமும் காற்றும் பூஞ்சையும் மாறவில்லை.

நேரத்தின் அருமைக்கு இன்னொரு சான்று நேபாளத்தின் பக்தபூர் ஆய்வு, 2001இல் வெளிவந்தது. கருவிழியில் சிராய்ப்புப் பட்ட 442 பேருக்குக் கிராமத் தொண்டர்கள் மூன்று நாள் எளிய களிம்பு ஒன்று இட்டார்கள். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேலாக வந்தது. ஆகவே சிவந்த கண்ணோடு, "திங்கட்கிழமை பார்த்துக்கொள்வோம்" என்று ஞாயிறு பூசைக்கு வராதீர்கள். மருத்துவரிடம் போங்கள், பூசை தவறியதை ஆண்டவர் கணக்கில் வைக்கமாட்டார். நாக்கால் தூசி எடுப்பது, இலைச்சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது ஆகியவற்றை அன்போடு செய்கிறார்கள் என்பதை அறிவேன். கைவிடுங்கள். வீட்டில் மீந்த சொட்டுமருந்தும் அவ்வாறே. அதனைத் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தால் குப்பையில் போடுங்கள்.

லென்ஸ் அணியும் இளைஞரும் பெண்களும் உங்களில் உண்டு. அவர்களுக்காக நான் மருத்துவரிடம் கேட்டறிந்ததைச் சொல்லுகிறேன். லென்ஸைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு: கம்பெனியில் கை துடைக்கப் பனியன் வேஸ்ட்டைத் தூக்குகிறோம்; அதன் நுண்பஞ்சு விரலில் ஒட்டி லென்ஸில் ஏறும். பஞ்சு உதிராத பழைய வேட்டித் துண்டு நன்று. கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, அதற்குரிய திரவம் விட்டு விரலால் மெல்லத் தேய்த்து, மறுபடி திரவத்தால் அலசிச் சிமிழில் இட வேண்டும். தேய்க்கத் தேவையில்லை என்று புட்டியில் அச்சிட்டிருந்தாலும் தேயுங்கள்.

சிமிழிலுள்ள பழைய திரவத்தின்மேல் புதியதைச் சொட்டி நிரப்பும் சிக்கனம் வேண்டாம். தாய்மார்கள் எண்ணெயை அப்படித்தான் நிரப்புகிறார்கள், கண் அடுப்பன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிவோர்க்குப் பூஞ்சைப்புண் பரவியபோது, பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் 'ரெனு மாய்ஸ்சர்லாக்' என்னும் திரவத்தோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டது. 2006 மே மாதம் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. ஏற்றுமதிச் சரக்குத் திரும்பி வருவது என்னவென்று திருப்பூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மட்டும் உறுதிசெய்யப்பட்ட 164 பேரில் மூன்றில் ஒருவருக்குக் கருவிழி மாற்ற வேண்டியதாயிற்று. பழைய திரவத்தையே மறுநாளும் பயன்படுத்தியவர்கள் அவர்களிடையே மிகுதி என்றும் ஆய்வாளர் கண்டனர்.

சிமிழைக் காலையில் திரவத்தால் அலசி, கவிழ்த்து உலர விடுங்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதியது வாங்குங்கள். நூறு ரூபாய் கூட ஆகாத பொருளை மூன்று ஆண்டு வைத்திருப்போர் உண்டு. மாதத்துக்கென்று விற்ற லென்ஸை ஆறு மாதம் அணிவதும் அத்தகையதே. கண்மையும் முகப்பூச்சும் லென்ஸை அணிந்த பிறகு. அவற்றைக் கழுவுவது லென்ஸைக் கழற்றிய பிறகு. குளிக்கும்போதும் கிணற்றில் நீந்தும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கலாகாது. அணியும் ஒவ்வொருவரும் சரியான பவரில் ஒரு மூக்குக்கண்ணாடியும் வைத்திருத்தல் கட்டாயம்; கண் உறுத்தும் நாளில் அதைத்தானே நாட வேண்டும்!

மணப்பெண் அலங்காரத்தில் இப்போது வண்ண லென்ஸ் வைக்கிறார்கள். பார்வைக்குறை இல்லாத பெண்ணுக்கும் நீலமும் பழுப்புமாக அணிவிக்கிறார்கள். சில இடங்களில் ஒருத்தியின் கண்ணிலிருந்து எடுத்ததை அடுத்த முகூர்த்தத்தில் இன்னொருத்திக்கு வைப்பதாகக் கேள்விப்பட்டபோது என்னால் நம்ப இயலவில்லை. பிறர் அணிந்த லென்ஸை அணிவது பிறர் நோயை அணிவது. கறுத்த விழியோடு பீடத்தின்முன் நிற்கும் நம் பெண்கள் எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர் என்று ஒரு கிழவன் சொன்னால் கேட்பார்களோ, மாட்டார்களோ!

தொழிற்கூடத்தைப் பற்றியும் சிறிது. லென்ஸ் அணிந்தவரின் கண் பாதுகாப்பாக இருக்கிறது என்று எவரும் எண்ண வேண்டாம், அது கவசமன்று. ஓவர்லாக்கில் உடைந்த ஊசித்துண்டு தெறித்துக் கண் போனவர் உண்டு. பொறியில் பொருத்தியுள்ள கண்காப்புத் தகட்டை, தையல் தெரியவில்லை என்று மேலே தூக்கி விட்டுத் தைப்பவர்களும், ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் கீழே இறக்குபவர்களும் நம் பங்கு மக்களே. சாயப்பட்டறையிலும் சலவைப்பட்டறையிலும் காஸ்டிக் சோடாவோ பெராக்ஸைடோ கண்ணில் தெறித்தால், அங்கே விதி மாறுகிறது. லென்ஸுக்குப் பகையான அதே குழாய்த் தண்ணீர்தான் அப்போது உயிர் காக்கும். நொடியும் தாமதியாமல் இமையை விரித்துப் பிடித்துப் பதினைந்து நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். அரைமணி கழுவினாலும் மிகையன்று. லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிடலாம்; அதைத் தேடிக்கொண்டு கழுவுவதை நிறுத்தலாகாது. அமிலத்தைவிடக் காரம் கொடிது. அது உள்ளே உள்ளே அரித்துச் செல்லும். கழுவிய பின்பே வண்டி தேடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நாட்டமைசின் என்னும் சொட்டுமருந்தை முதலில் மணிக்கொருமுறை விட்டார்கள். பழைய மருந்து; பகட்டில்லாதது. விலை உயர்ந்த புதிய மருந்தொன்றோடு இதனை ஒப்பிட்டு அரவிந்த் மருத்துவமனைகளில் 368 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது; பழையதே மேல் என்று முடிவாயிற்று. கணவன் விடுப்பெடுத்து, அலாரம் வைத்து இரவெல்லாம் எழுந்து மருந்து விட்டான். இரண்டு மாதம் கழித்துப் புண் ஆறியது. கருவிழியின் நடுவே வெண்தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு விரல் அசைவது தெரியும், எழுத்துத் தெரியாது. செக்கிங் மேசைக்கு அவள் திரும்பவில்லை.

இப்போது தானக் கருவிழிக்காகப் பெயர் பதிந்து காத்திருக்கிறாள். கண் தானம் செய்தால் உயிர்த்தெழும் நாளில் கண் இல்லாமல் எழ வேண்டுமோ என்று என்னிடம் கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1956 மே 14ஆம் நாளிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இத்தாலியக் கருவிழிக் கொடையாளர் சங்கத்தாருக்கு ஆற்றிய உரையில், இறந்தோர் கண்ணை உயிருள்ளோருக்கு அளிப்பதில் தவறில்லை என்று தெளிவுபடுத்திவிட்டார். இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் துக்க வீட்டார் முதலில் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டுப் பிறகு மணியடிக்கச் சொல்லி அனுப்புங்கள், நான் வருந்தமாட்டேன்.

கணவனைப் பற்றி ஒன்று கூற வேண்டும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவன் என்னிடம் கேட்டான்: "கண்ணாடி போட்டிருந்தா என்னங்க சாமி? எங்கம்மா போட்டிருக்காங்க. எங்கக்கா போட்டிருக்கு. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?" கோபத்தோடு கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் அழுதுகொண்டு கேட்டான்.

அதே தோபித்து ஆகமத்தில் ஒரு திருமணமும் இருக்கிறது. தோபியா பெண் கேட்டபோது, சாராவின் தந்தை இரகுவேல், தன் மகளை முன்னர் ஏழு பேருக்குக் கொடுத்ததையும், எழுவரும் முதலிரவிலேயே மாண்டதையும் மறைக்காமல் சொல்லுகிறார். எந்தத் தகப்பனும் மூடி வைக்க விரும்பும் செய்தி. சொன்ன பின்பே மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிறார். தோபியாவும் கேட்ட பின்பே ஏற்றுக்கொள்கிறார். ஏழு கணவரை இழந்ததையே சொல்ல முடிந்ததென்றால், கிட்டப்பார்வையைச் சொல்ல முடியாதா? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1098ஆம் சட்டம், இல்லற வாழ்வைப் பெரிதும் குலைக்கவல்ல ஒரு தன்மையை வஞ்சகமாக மறைத்துப் பெற்ற மணச்சம்மதம் செல்லாது என்கிறது. மூக்குக்கண்ணாடி அச்சட்டத்துக்குள் வராது. எவரும் அஞ்ச வேண்டாம். ஆனால் பீரோவில் கண்ணாடியை வைக்கப் பழகிய கை, வலிப்பு நோயையும் கடனையும் முந்தைய மணத்தையும் அதே பீரோவில் வைக்கத் தயங்குவதில்லை என்பதைத் திருமண விசாரணை நடத்தும் என்னைப்போன்றோர் அறிவோம்.

நான்கு இடத்தாரையும் நான் விட்டுவிடப் போவதில்லை. கண்ணாடியைக் கண்டு திரும்பிப் போனவர்கள் அவர்கள்தாமே! அவர்களுள் இரு வீட்டார் நம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர். இவ்விதழையும் வாங்குவோராக இருக்கலாம். பையனுக்குப் பவர் எத்தனை என்று பெண் வீட்டார் எவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவள் மீண்டும் திருப்பலியில் வாசகம் வாசிக்கிறாள். கண்ணாடியின் ஒரு பக்கம் தடித்த வில்லை. மறுபக்கம் பெயருக்கு ஒரு வில்லை. வரிகளைத் தவறவிடாமல் இருக்க விரலை வைத்து வாசிக்கிறாள். கணவன் முன்வரிசையில் அமர்ந்து கேட்கிறான்.

திருவருகைக்காலம் கழிந்து தை பிறந்ததும் ஓலை கூறக் குடும்பங்கள் வருவீர்கள். எங்கள் பங்கில் இனி விசாரணைத் தாளில் அச்சிட்டுள்ள கேள்விகள் முடிந்ததும் நான் வாய்மொழியாக ஒன்று கேட்பேன். மணமகனிடமும் மணமகளிடமும் தனித்தனியே கேட்பேன். வரும்போது உங்கள் கண்ணாடியை அணிந்தே வாருங்கள்.